பன்னிரண்டு ஊசி எம்பிராய்டரி மெஷின்: நிறம் மாறும்போது உள்ளே நடப்பது என்ன?

கொட்டாஞ்சேனைத் தையல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் வீட்டு முன்னறையில் தையற்கடை வைத்திருக்கிறேன். பாடசாலைச் சட்டைப் பையில் தைக்கும் சின்னம், சாரிச் சட்டைக் கைகளில் பூவேலை, கோயில்களுக்குப் பட்டு, இவைதான் எனக்கு வரும் வேலைகள். இதுவரை ஒற்றை ஊசி எம்பிராய்டரி மெஷினில் தைத்துவந்தேன். ஒரு நிறம் முடிந்ததும் அது நின்றுவிடும். நூலைக் கழற்றி, அடுத்த நிறத்தைக் கோத்து, மறுபடியும் பொத்தானை அழுத்த வேண்டும். ஆறு நிறச் சின்னம் ஒன்று ஓடும்போது அடுப்பைப் பார்த்துவிட்டு வரக்கூட முடியாது. அதனால் இந்த வருடம் பாவித்த மெஷின் ஒன்றை வாங்கினேன். தைக்கும் தலை ஒன்று, அதில் பன்னிரண்டு ஊசிகள், சீனாவில் செய்த திரைப்பலகை.

தையல் அருமையாக விழுகிறது. நிறம் மாறும் இடத்தில்தான் எல்லாத் தொல்லையும்.

முதலாவது, நிறங்கள் மாறி வருகின்றன. ஆடிவேல் திருவிழாவுக்காக ஒரு கோயிலுக்கு மயில் தைத்துக் கொடுக்க வேண்டும். டிசைனை வெளியே ஒருவரிடம் செய்வித்து மெஷின் வாசிக்கும் டி.எஸ்.டி. என்ற வகைக் கோப்பாக பென் டிரைவில் வாங்கினேன். மெஷின் திரையில் மயிலின் கழுத்து ரோஜா நிறமாகத் தெரிகிறது, அலகு பச்சையாக இருக்கிறது. பழைய வெள்ளைத் துணியில் ஒத்திகை பார்த்தபோது தோகைக் கண்கள் தைக்க வேண்டிய இடத்தில் சிவப்பு நூல் கோத்த ஊசி இறங்கியது.

இரண்டாவது, நிறம் மாறிப் புதிய ஊசி நாலைந்து தையல் போடுவதற்குள் நூல் ஊசிக் காதிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. எல்லா ஊசிகளிலும் இல்லை. 3, 8, 9 ஆகிய ஊசிகளில் அடிக்கடி நடக்கிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. நிறம் மாற வேண்டிய நேரத்தில் மெஷின் அப்படியே நின்று, பிரதான தண்டு 100 பாகையில் இல்லை என்று திரையில் காட்டுகிறது. கையால் சிறிது சுற்றிவிட்டால் பிறகு மாறுகிறது. பார்க்க வந்த மெக்கானிக் ஒருவர், நிறம் மாற்றும் மோட்டாரையே புதிதாகப் போட வேண்டும் என்கிறார். அவர் சொன்ன தொகை என்னால் உடனே புரட்டக்கூடியது அல்ல. அதைக் கொடுப்பதற்கு முன், இந்த மெஷின் ஒரு நிறத்தை விட்டு இன்னொரு நிறத்துக்கு எப்படிப் போகிறது என்பதை நானே விளங்கிக்கொள்ள விரும்புகிறேன். தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

மாளிகாவத்தை மெக்கானிக் எழுதியது:

தங்கச்சி, மோட்டாருக்குக் காசு கொடுப்பதை நிறுத்திவையுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், முழுவதையும் வாசித்துவிட்டு முடிவெடுங்கள். கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் இருபது தலை எம்பிராய்டரி மெஷின்களைப் பார்த்துக்கொண்டவன் நான். இப்போது மாளிகாவத்தையில் சொந்தமாகத் திருத்த வேலை செய்கிறேன். "எப்போது ஓடும்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். "எப்படி ஓடுகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேலே ஊசிகள் பன்னிரண்டு. கீழே மேல்நூலைப் பிடித்துக் கீழ்நூலோடு பின்னும் ஹூக் ஒன்று, கீழ்நூல் சுற்றிய பொபின் ஒன்று, நூல் வெட்டும் கத்தி ஒரு சோடி, ஊசித் தட்டில் துளை ஒன்று. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தானாகவே விளங்கும். எந்த நிறமாக இருந்தாலும் தையல் விழுவது அந்த ஒரே துளையில். துளை நகராது, எனவே ஊசிகள்தான் அதைத் தேடி வர வேண்டும். நூற்கண்டுகளுக்குக் கீழே, முன்பக்கத்தில் இடமும் வலமும் நகரும் பெட்டியை நாங்கள் நீடில் கேஸ் என்போம். கோட்டை ரயில் நிலையத்தில் மேடை அசைவதில்லை, நீங்கள் ஏற வேண்டிய பெட்டிதான் உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. இங்கும் அதே ஏற்பாடுதான்.

அந்தப் பெட்டிக்குள் பன்னிரண்டு ஊசித்தண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பாதம், நூலை மேலே இழுக்கும் டேக்-அப் கை, இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகுகள் உண்டு. பன்னிரண்டு நூல்களும் எப்போதும் கோத்தபடியே காத்திருக்கின்றன. பெட்டி நகர்வது மட்டும்தான் நிற மாற்றம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஊசித்தண்டுகளை மேலும் கீழும் ஓட்டுவது பெட்டிக்குள் இல்லை. அது பெட்டிக்குப் பின்னால், அசையாத தலைப் பகுதியில், துளைக்கு நேர் மேலே இருக்கும் ஒற்றைத் துண்டு. தொழிலில் அதை ரெசிப்ரொகேட்டர் என்பார்கள். அதன் முகத்தில் ஒரு சிறு பிளவு இருக்கிறது. ஒவ்வொரு ஊசித்தண்டின் முதுகிலும் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது. பெட்டி வழுக்கி வரும்போது புடைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பிளவுக்குள் நுழைந்து வெளியேறுகின்றன. பெட்டி நிற்கும் இடத்தில் எந்தப் புடைப்பு பிளவுக்குள் இருக்கிறதோ அந்த ஊசி மட்டும் இறங்கும். மற்றப் பதினொன்றையும் ஸ்பிரிங்குகள் மேலேயே பிடித்து வைத்திருக்கும்.

டேக்-அப் கைகளும் அப்படியே. ஓடும் ஊசியின் கை மட்டும் பின்னாலுள்ள இயக்கத்தில் மாட்டிக்கொள்ளும். மற்றவை ஒரு தடத்தில் வரிசையாகப் பூட்டப்பட்டிருக்கும்.

இப்போது 100 பாகைக்கு வருவோம். பிரதான தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு தையல், அந்தச் சுற்று 360 பாகை. புடைப்பு பிளவுக்குள் தடையில்லாமல் புகுந்து வர வேண்டுமானால் பிளவு சரியான உயரத்தில் நிற்க வேண்டும், ஓடிக்கொண்டிருந்த டேக்-அப் கையும் மற்றக் கைகளின் வரிசைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். இவை இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் இடமே பெரும்பாலான மெஷின்களில் 100 பாகை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. வேறு இடத்தில் நிற்கும்போது பெட்டியை இழுத்தால் புடைப்பு பிளவின் சுவரில் மோதும். ஊசி துணிக்குள் இருந்தால் கேட்கவே வேண்டாம், ஊசி முறியும், துணி கிழியும். இதைத் தடுக்கத்தான் கட்டுப்பாட்டுப் பலகை முதலில் தண்டின் பாகையைப் பார்க்கிறது. 100-இல் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் நிறம் மாற்றும் மோட்டாருக்குக் கட்டளை போகிறது.

நன்றாகக் கவனியுங்கள் தங்கச்சி. உங்கள் திரையில் வரும் செய்தி அந்தக் கட்டளைக்கு முந்தியது. மோட்டார் இன்னும் அழைக்கப்படவே இல்லை. அழைக்கப்படாத ஒன்றை எப்படிக் குற்றம் சொல்வது? அதோடு, நீங்கள் கையால் தண்டைச் சுற்றிவிட்டதும் அதே மோட்டார் பெட்டியை ஒழுங்காக நகர்த்துகிறது. அது உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த மோட்டார் செய்யும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். அதன் தண்டில் பள்ளம் வெட்டிய ஓர் உருளை இருக்கும். பெட்டியோடு இணைந்த சிறு சில்லு அந்தப் பள்ளத்தில் ஓடும். உருளை ஒருமுறை சுற்றினால் பெட்டி ஓர் ஊசி தூரம் நகரும். நீங்கள் கேட்கும் "கடக், கடக்" சத்தம் அதுதான். ஒன்றாம் ஊசியிலிருந்து பன்னிரண்டுக்குப் போக உருளை பதினொரு முறை சுற்ற வேண்டும். பள்ளத்தின் ஒரு பகுதி சாய்வில்லாமல் நேராக வெட்டப்பட்டிருக்கும். மோட்டார் சற்று முன்னால் பின்னால் நின்றாலும் பெட்டி இம்மியும் விலகாமல் இருப்பது அதனால்தான். எந்த ஊசி துளைக்கு நேராக நிற்கிறது என்பதை ஓர் உணரி பலகைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இருபது தலை மெஷினில் எல்லாப் பெட்டிகளையும் நீளமான ஒரே கம்பியால் இணைத்திருப்பார்கள். ஒரு மோட்டார் இழுக்க, இருபது பெட்டிகளும் ஒரே நேரத்தில் நகரும். முதன்முறை பார்த்த நாளில் நான் வேலையை மறந்து நின்றேன். ஜப்பானின் தாஜிமா 1973-இல் தானாக நிறம் மாற்றும் ஆறு ஊசி மெஷினை வெளியிட்டது. அதற்குப் பிறகு ஊசிகள் கூடின, காகித நாடா போய் கணினிக் கோப்பு வந்தது, ஆனால் அசையாத ஒரு துளைக்கு முன்னால் நகரும் ஒரு பெட்டி என்ற அமைப்பு இன்றும் நிற்கிறது.

அப்படியானால் தண்டு ஏன் 100-இல் நிற்கவில்லை? நிறம் முடிந்ததும் மெஷின் வேகத்தைக் குறைத்து, நூலை வெட்டி, 100-இல் வந்து நிற்கப் பார்க்கிறது. ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுத்தால் முன்னதாக நின்றுவிடும். பெல்ட் தளர்ந்திருந்தால் தாண்டிப் போய்விடும். நான் முதலில் பார்ப்பது ஹூக்கின் பின்பக்கம். அறுந்த நூல் அங்கே தண்டைச் சுற்றி இறுகிக்கிடக்கும், வெளியே தெரியாது. அடுத்தது எண்ணெய். அதற்கடுத்தது பெல்ட். பாகையைப் படிக்கும் உணரியில் பஞ்சுத்தூசு படிந்திருந்தாலும் இது வரும், ஆனால் அதைக் கடைசியாகப் பாருங்கள்.

மின்சாரத்தை நிறுத்துங்கள், பிளக்கையே கழற்றிவிடுங்கள். ஊசித் தட்டைக் கழற்றி, ஹூக்கைச் சுற்றியுள்ள நூலைக் கொறடால் எடுங்கள். பிறகு பிரதான தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றில் ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் கனம் தெரிகிறதா என்று கை சொல்லும். பாகை எழுதிய வட்டத் தகடு தண்டின் முனையில் இருக்கும். அதை 100-க்குக் கொண்டுவந்து, முன்னால் வந்து டேக்-அப் கைகளைப் பாருங்கள். பன்னிரண்டும் ஒரே கோட்டில் நின்றால் தண்டின் அமைப்பு சரி. ஒன்று மட்டும் மேலேயோ கீழேயோ விலகி நின்றால் தகடு நழுவியிருக்கிறது, அப்போது எனக்கு எழுதுங்கள். வரிசை சரியாக இருந்தால், நிறம் மாற்றும் மோட்டாரின் பக்கத்தில் கையால் சுற்றும் குமிழ் ஒன்று இருக்கும், அதைச் சுற்றி ஒன்று முதல் பன்னிரண்டு வரை பெட்டியை நகர்த்திப் பாருங்கள். எங்கும் முரண்டு பிடிக்கக் கூடாது. பிடித்தால் பலம் கொடுக்காதீர்கள்.

நூல் கழல்வதைப் பற்றியும் ஒன்று. கத்தி எல்லா ஊசிகளுக்கும் பொது. கத்தியில் பிழை என்றால் பன்னிரண்டு ஊசிகளிலும் தெரிய வேண்டும். உங்களுக்கு 3, 8, 9-இல் மட்டும் வருகிறது. ஆகவே பிழை அந்த மூன்று ஊசிகளுக்கும் சொந்தமான பாதையில் இருக்கிறது. நூலை வெட்டியதும் ஒரு சிறு கொக்கி அதன் நுனியைத் துணியிலிருந்து மேலே இழுத்துவிடும். ஊசிகளுக்கு அருகே உள்ள ஒட்டுப்பட்டி அந்த நுனியைப் பிடித்து வைத்திருக்கும். அடுத்த முறை அந்த ஊசிக்கு அழைப்பு வரும்போது டேக்-அப் கை மேலே போய் நூலை இழுக்கிறது. நுனி குட்டையாக இருந்தாலோ, பட்டி தேய்ந்து பிடி விட்டிருந்தாலோ, நூல் காதைவிட்டு வெளியே வந்துவிடும். நிறம் மாறும்போது பன்னிரண்டு ஊசிகளிலும் தொங்கும் நுனிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மூன்றிலும் குட்டையாக இருந்தால் அவற்றின் இறுக்கத் திருகுகளைச் சிறிது தளர்த்துங்கள். ஒரே நேரத்தில் அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

மயிலின் நிறத்தைப் பற்றி டிசைன் செய்பவர்கள் சொல்லட்டும், அது இரும்பின் பிழை அல்ல.

வெள்ளவத்தை டிசைன் எழுதியது:

அக்கா, மாளிகாவத்தை நானா இயந்திரத்தை முழுமையாகச் சொல்லிவிட்டார். மயிலை நான் எடுத்துக்கொள்கிறேன். எம்பிராய்டரிக் கோப்புகள் தயாரிப்பதுதான் என் வேலை.

டி.எஸ்.டி. கோப்பில் நிறம் கிடையாது. சிவப்பு, நீலம் என்று எதுவுமே அதில் எழுதப்படவில்லை. முன்னால் 512 பைட்டில் ஒரு தலைப்பு. அதன் பிறகு ஒவ்வொரு தையலுக்கும் மூன்று பைட். துணியைப் பிடித்திருக்கும் சட்டகம் இடம் வலமாக எவ்வளவு நகர வேண்டும், முன்பின்னாக எவ்வளவு நகர வேண்டும், இது தையலா, தைக்காமல் நகரும் தாவலா, நிற மாற்றமா, அவ்வளவுதான். ஒரு நகர்வு அதிகபட்சம் 12.1 மில்லிமீற்றர். நிற மாற்றம் என்ற குறி வந்தால் அதன் பொருள் "இங்கே மாற்று" என்பது மட்டுமே. எந்த நிறத்துக்கு என்று அது சொல்வதில்லை.

அதனால் உங்கள் திரை தன்னிடம் உள்ள நிறப்பட்டியலிலிருந்து வரிசையாக எடுத்துப் பூசிக் காட்டுகிறது. ரோஜா நிறக் கழுத்து அங்கிருந்து வருவது, கோப்பு கெட்டுப்போகவில்லை. பி.ஈ.எஸ். போன்ற வீட்டு மெஷின் கோப்புகளில் நிறப்பட்டியல் கூடவே வரும். நீங்கள் இதுவரை பாவித்தது அந்த வகையாக இருந்திருக்கலாம், அதனால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்கிறது.

எந்தப் பகுதியை எந்த ஊசி தைக்க வேண்டும் என்பதை மெஷினில் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். திரையில் ஊசி வரிசை, அல்லது நிற மாற்ற வரிசை, என்று ஒரு பக்கம் இருக்கும். உதாரணமாக மயில் கோப்பு இந்த வரிசையில் தைக்கிறது என்று வையுங்கள்: தோகையின் பச்சை, உடலின் நீலம், தோகைக் கண்ணின் பொன், கண்ணின் நடுவில் கருநீலம், மறுபடியும் பச்சை இழைகள், கடைசியாக அலகும் கால்களும். உங்கள் மெஷினில் பச்சை 4-ஆம் ஊசியிலும், நீலம் 5-இலும், கருநீலம் 6-இலும், பொன் 12-இலும், பழுப்பு 2-இலும் இருந்தால் நீங்கள் கொடுக்க வேண்டிய வரிசை 4, 5, 12, 6, 4, 2. பச்சை இரண்டு தடவை வருவதைக் கவனியுங்கள். அதைத் தவறவிட்டால் அதற்குப் பிந்திய எல்லா நிறங்களும் ஒரு படி விலகிவிடும். உங்கள் ஒத்திகையில் தோகைக் கண்ணுக்குச் சிவப்பு இறங்கியதற்கு இப்படியான ஒரு விலகலே காரணமாக இருக்கக்கூடும்.

எண்ணும்போது இன்னொன்று. ஆறு பகுதிகள் இருந்தால் கோப்பின் தலைப்பில் நிற மாற்றம் ஐந்து என்றுதான் இருக்கும். முதல் நிறத்துக்கு முன்னால் மாற்றம் கிடையாது.

டிசைன் செய்தவரிடம் நிற வரிசைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கோப்போடு அதைக் கொடுப்பது அவர் கடமை, நீங்கள் தயங்கவே தேவையில்லை. எந்தப் பகுதி எத்தனையாவது, அதன் நூல் இலக்கம் என்ன, எத்தனை தையல் என்பது அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் டி.எஸ்.டி. கோப்பை மட்டும் கையில் கொடுப்பது அரைவேலை. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஏனென்றால் பட்டு வீணாவது தைப்பவரின் பணத்தில்.

பாடசாலைச் சின்னங்களில் துணி ஒட்டித் தைக்கும் வேலை வந்தால் இதையும் நினைவில் வையுங்கள். துணியை வைப்பதற்காக மெஷின் நிற்க வேண்டிய இடத்திலும் டி.எஸ்.டி.யில் அதே நிற மாற்றக் குறிதான் இருக்கும், நிறுத்தத்துக்கெனத் தனிக் குறி இல்லை. அந்த இடத்துக்கு அதே ஊசி எண்ணை மறுபடியும் கொடுத்து, மெஷினில் நிறுத்தத்தையும் நீங்களே குறிக்க வேண்டும்.

புறக்கோட்டை நூற்கடை எழுதியது:

பிள்ளை, நூல் விற்பவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன். மாளிகாவத்தைத் தம்பி திருகைத் தளர்த்தச் சொல்கிறார். நான் முதலில் நூலைப் பார்க்கச் சொல்வேன். 3, 8, 9-இல் இருக்கும் கண்டுகள் எவை? பழைய ரேயான் கண்டாக இருந்தால், அல்லது மெஷினை விற்றவர் விட்டுச்சென்ற நூலாக இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். கொழும்புக் காற்றின் ஈரத்தில் திறந்து கிடந்த ரேயான் சீராக இழுபடாது. நல்ல நூலைக் கோத்தும் கழன்றால் அப்போது திருகில் கை வையுங்கள்.

சின்னங்களுக்கு 40-ஆம் இலக்கப் பொலியெஸ்டரைப் பாவியுங்கள். வெள்ளைச் சட்டையை வீட்டில் வெளுக்கும் திரவத்தில் போடுவார்கள், ரேயானின் நிறம் அதற்குத் தாங்காது. பட்டுக்கு ரேயானின் பளபளப்பு அழகுதான், அதை நான் மறுக்க மாட்டேன்.

ஊசிகளில் நூலை அடுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. பெட்டி ஒவ்வோர் ஊசியாக நகர்கிறது என்று தம்பி எழுதியிருக்கிறார். ஆகவே அடிக்கடி ஒன்றையடுத்து ஒன்று வரும் நிறங்களைப் பக்கத்துப் பக்கத்து ஊசிகளில் வையுங்கள். பொன் சரிகை நூலை ஓர் ஓரத்துக்கு ஒதுக்கி, அந்த ஊசியை மட்டும் 90/14 அளவு ஆக்குங்கள். மற்றவற்றுக்கு 75/11 போதும். சரிகைக்கு இறுக்கம் குறைவாகவும் வேகம் குறைவாகவும் இருக்க வேண்டும். அதற்கென ஓர் ஊசியை நிரந்தரமாக விட்டால் ஒவ்வொரு தடவையும் திருகைத் தொட வேண்டியதில்லை. வெள்ளை, கறுப்பு, பொன் மூன்றும் எந்த ஊசியில் என்பதை ஒருபோதும் மாற்றாதீர்கள். மெஷின் உடலில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, ஊசி எண்ணையும் நூலின் இலக்கத்தையும் எழுதிவையுங்கள். நிறம் தெரியாத மெஷினுக்கு அந்தத் தாள்தான் கண்.

கொட்டாஞ்சேனைத் தையல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நானா சொன்னபடி பிளக்கைக் கழற்றிவிட்டு ஊசித் தட்டை எடுத்தேன். ஹூக்குக்குப் பின்னால் வெள்ளை பொபின் நூலும் கறுப்பு நூலும் பின்னிப் பிணைந்து, தண்டைச் சுற்றிக் கயிறாக இறுகியிருந்தன. கொறடால் மட்டும் வரவில்லை, சிறு கத்தியால் வெட்டி வெட்டி எடுத்தேன். அதற்குப் பிறகு தண்டைச் சுற்றியபோது கைக்கே வித்தியாசம் தெரிந்தது. எண்ணெய் விட்டேன். தகட்டை 100-க்குக் கொண்டுவந்து முன்னால் பார்த்தேன், பன்னிரண்டு கைகளும் ஒரே கோட்டில் நின்றன. அதைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. நேற்று முழுவதும் சின்னங்கள் தைத்தேன், அந்தச் செய்தி திரையில் வரவே இல்லை.

நூல் விஷயத்தில் ஐயா சொன்னது பாதி, நானா சொன்னது பாதி. 8-இலும் 9-இலும் இருந்தவை மெஷினோடு வந்த பழைய கண்டுகள். மாற்றியதும் கழல்வது நின்றுவிட்டது. 3-இல் புதிய நூலைக் கோத்தும் கழன்றது. நுனியை அளந்து பார்த்தேன், மற்றவற்றில் பாதிதான் இருந்தது. திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினேன், இப்போது மற்றவற்றோடு சமமாகத் தொங்குகிறது. ஒட்டுப்பட்டியும் தேய்ந்திருந்ததால் புதிதாக ஒட்டினேன்.

மயிலின் வரிசைத் தாளைக் கேட்டு வாங்கிவிட்டேன். பச்சை மூன்று தடவை வருகிறது. வரிசையைக் கொடுத்துத் தைத்த ஒத்திகையில் கழுத்து நீலமாகவே வந்தது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். நிறம் மாறிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது? 2022-இல் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தை மறக்க முடியவில்லை, அதனால் கேட்கிறேன். மற்றது, மயிலின் கால்களுக்கு இடையில் மெஷின் தைக்காமல் நகரும்போது ஊசி மேலேயே நிற்கிறது, ஆனால் பிரதான தண்டு சுற்றும் சத்தம் கேட்கிறது. அது சரியானதா?

மாளிகாவத்தை மெக்கானிக் எழுதியது:

வாழ்த்துக்கள் தங்கச்சி. கால் சுற்றோடு நிறுத்தினீர்களே, அதுதான் நல்ல கை. நூற்கடை ஐயா சொன்னதை நானும் ஏற்றுக்கொள்கிறேன், பழைய மெஷின் வீட்டுக்கு வந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதில் இருக்கும் நூல்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். அது சரியானதுதான், பயப்பட வேண்டாம். ரெசிப்ரொகேட்டரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் ஒரு சிறு மின்காந்தம், சில மெஷின்களில் சிறு மோட்டார், தலைக்குள் இருக்கிறது. தாவல் குறி வரும்போது அது ரெசிப்ரொகேட்டரைத் திருப்ப, புடைப்பு பிளவிலிருந்து விடுபடுகிறது. தண்டு சுற்றுகிறது, ரெசிப்ரொகேட்டர் தனியாக மேலும் கீழும் போய்வருகிறது, ஊசி ஸ்பிரிங்கின் பிடியில் மேலேயே நிற்கிறது. தாவல் முடிந்ததும் மேலே வரும்போது புடைப்பை மறுபடியும் பிடித்துக்கொள்ளும். பல தலை மெஷினில் ஒரு தலையில் மட்டும் நூல் அறுந்தால் மற்றத் தலைகளின் ஊசிகளை மேலே நிறுத்திவைத்து அந்த ஒன்றை மட்டும் திரும்பத் தைக்கவும் இதே ஏற்பாடுதான் உதவுகிறது.

மின்சாரம் நின்றால், பெட்டி இரண்டு ஊசிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளக்கூடும். திரும்ப மின்சாரம் வந்ததும் ஊசி நிலை தெரியவில்லை என்று திரை சொல்லும். அவசரப்பட்டுத் தொடங்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். மின்சாரம் வந்து போய் விளையாடும் நேரத்தில் மெஷினை நிறுத்தியே வையுங்கள். அது நிலையானதும், மெஷின் நிறுத்தப்பட்ட நிலையிலேயே நான் முன்பு சொன்ன நிறம் மாற்றும் குமிழைக் கையால் சுற்றி, அருகில் உள்ள ஊசி துளைக்கு நேராக வரும்வரை பெட்டியை நகர்த்துங்கள். உருளைப் பள்ளத்தின் நேரான பகுதிக்கு வந்ததும் குமிழ் சுற்றினாலும் பெட்டி அசையாது, அங்கே விடுங்கள். பிறகு மெஷினைப் போட்டால் எந்த ஊசி என்று திரை காட்டும். அது நிற்க வேண்டிய ஊசி இல்லை என்றால் திரையிலிருந்தே சரியான ஊசிக்கு மாற்றிவிட்டு, சில தையல்கள் பின்னால் போய்த் தொடங்குங்கள். துணியைச் சட்டகத்திலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள். சட்டகம் கையால் அசைந்துவிட்டால் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

மெஷின் மட்டும் ஓடும் அளவுக்கு ஒரு யூ.பி.எஸ். வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் தைப்பதற்காக அல்ல, ஓடும் நிறத்தை நிறுத்தி 100 பாகையில் ஒழுங்காக நிற்கவைக்க அந்தச் சில நிமிடங்கள் போதும். மோட்டாருக்கு என்று ஒதுக்கிய காசில் ஒரு சிறு பகுதியே அதற்கு ஆகும். வாங்குவதற்கு முன் மெஷினின் பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் வாட் அளவைப் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

பெட்டி வழுக்கும் தடத்துக்கும் வாரம் ஒருமுறை துணியால் தூசு துடைத்து மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போடுங்கள். ஹூக்குக்கு ஓடும் நாட்களில் காலையும் மாலையும் ஒரு சொட்டு எண்ணெய். பட்டு ஏற்றுவதற்கு முன் வெறும் துணியில் ஐம்பது தையலாவது ஓடவிடுங்கள், எண்ணெய்த் துளி பட்டில் விழுந்தால் எடுக்க முடியாது.

வெள்ளவத்தை டிசைன் எழுதியது:

அக்கா, பச்சை மூன்று தடவை என்றீர்கள். தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வராத இடம் என்றால் இரண்டு பச்சைப் பகுதிகளை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறேன். ஒரு வெட்டும் ஒரு நிற மாற்றமும் குறையும். தோகைக் கண்ணுக்கு மேலே வரும் பச்சை இழைகளை மட்டும் அப்படியே விட வேண்டும், அவற்றை முன்னால் கொண்டுபோனால் பொன்னுக்கு அடியில் மறைந்துவிடும்.